இரண்டாவது மதிப்பெண்

1998 பிப்ரவரி 20. ஜப்பானின் நகானோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்துகொண்டிருக்கிறது. பெண்களுக்கான ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியின் இறுதிச் சுற்று. பிரான்சுக்காக ஆடிய 24 வயதுக் கறுப்பினப் பெண் ஒருவர் தளத்தின் நடுவே பின்னோக்கிச் சறுக்கி வந்தார். திடீரென்று பின்பக்கமாகப் பல்டி அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். அந்தக் காலணிக்கு அடியில் இருப்பது மெல்லிய எஃகுப் பட்டை. அதன்மேல், பனிக்கட்டியில், ஒற்றைக் காலில். இறங்கியவர் நிற்கவும் இல்லை, அப்படியே ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

அந்தப் பல்டி தடை செய்யப்பட்ட ஒன்று. 1976 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டெர்ரி குபிக்கா அதை அடித்துக் காட்டிய பிறகு சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனம் தடை போட்டது. ஆபத்து என்பது ஒரு காரணம். இந்த விளையாட்டில் தாவினால் ஒற்றைக் காலில் இறங்க வேண்டும், பல்டியில் இரண்டு கால்களில் அல்லவா இறங்குகிறார்கள் என்பது சொல்லப்பட்ட இன்னொரு காரணம். சரி, ஒற்றைக் காலிலேயே இறங்கிக் காட்டுகிறேன் என்பதுதான் சூர்யா பொனாலியின் பதில். ஆட்டம் முடிந்ததும் நடுவர்களுக்கு முதுகைக் காட்டி, பார்வையாளர்களைப் பார்த்து வணங்கினார். எதிர்பார்த்தபடியே மதிப்பெண் வெட்டப்பட்டது. 10-ஆம் இடம். அவருடைய கடைசி ஒலிம்பிக் அதுதான்.

பொதட்டூர்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஐஸ் என்றால் குச்சி ஐஸ்தான். தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்கிற பிள்ளைக்கு ஐரோப்பாவின் பணக்கார விளையாட்டில் என்ன இருக்கிறது? நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். பொனாலியின் கதையைத் தேடிப் படித்தபோது அதில் ஒரு சங்கதி மட்டும் எங்களை விடவில்லை. அந்த விளையாட்டில் மதிப்பெண் போடும் முறை. தகுதி, திறமை என்று காலங்காலமாக நம் காதில் ஓதப்படும் மந்திரத்தின் உள்வேலை அங்கே பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

அந்தக் காலத்து முறை இது. மேசையில் 9 நடுவர்கள். ஒவ்வொருவரும் ஒரு ஆட்டக்காரருக்கு இரண்டு மதிப்பெண் போடுவார்கள், இரண்டுமே 6-க்கு. முதலாவது தொழில்நுட்பத்துக்கு: எத்தனை தாவல், எத்தனை சுழற்சி, சுத்தமாக இறங்கினாரா. இரண்டாவது கலை நயத்துக்கு: பார்ப்பதற்கு எப்படி இருந்தது, இசையோடு இழைந்ததா, நளினம் இருந்ததா. முதல் மதிப்பெண்ணை ஓரளவு எண்ணிப் பார்க்கலாம். மூன்று சுற்று என்றால் மூன்று சுற்று, இரண்டரை என்றால் இரண்டரை. இரண்டாவதை எண்ண முடியாது. அது நடுவரின் கண்ணில் இருக்கிறது, அந்தக் கண் வளர்ந்த வீட்டில் இருக்கிறது. இன்னொரு விதியும் உண்டு. நீண்ட ஆட்டத்தில் ஒரு நடுவர் இருவருக்குப் போட்ட கூட்டுத்தொகை சமமாக வந்தால், யார் மேலே என்பதை முடிவு செய்வது அந்த இரண்டாவது மதிப்பெண். எண்ணக்கூடியதில் நீ மேலே நிற்கலாம். மொத்தம் சமமாகிவிட்டால், எண்ண முடியாததுதான் உன்னைக் கீழே இறக்கும்.

இனி பொனாலியின் கதை. 1973 டிசம்பர் 15, பிரான்சின் தென்கடற்கரையில் உள்ள நீஸ் நகரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே சுசான், ஜார்ஜ் பொனாலி என்ற வெள்ளையினத் தம்பதி தத்தெடுத்தார்கள். சுசான் உடற்பயிற்சி ஆசிரியை. சூர்யா என்று பெயர் வைத்தது அவர்கள்தான். நம் ஊரில் பையன்களுக்கு வைக்கும் பெயர், அங்கே ஒரு கறுப்பினப் பெண் குழந்தைக்கு. சிறுமி முதலில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகினார், அதிலும் ஓடி வந்து வரிசையாகக் கரணம் அடிக்கும் டம்ப்ளிங் என்ற பிரிவில். பிறகு ஸ்கேட்டிங். பிற்காலத்தில் பனியில் அடித்த பல்டியின் வேர் அங்கே இருக்கிறது.

திறமையைக் கண்டு அவரை எடுத்துக்கொண்ட பயிற்சியாளர் திதியே கையாகே. அவர் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தப் பெண் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் பிறந்தவள் என்று பத்திரிகைகளுக்குக் கதை சொன்னார். நீஸ் நகரத்துப் பெண் என்றால் சுவாரசியம் இல்லையாம், தீவுப் பெண் என்றால்தான் எடுபடுமாம். பிரான்சில் பிறந்து, பிரெஞ்சு பேசி, பிரெஞ்சுப் பெற்றோரிடம் வளர்ந்த பெண்ணை வெளியூர்க்காரி ஆக்கி விற்றார்கள். அந்தக் கதையை ஊர் நம்பியது. பார்த்த மாத்திரத்தில் நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்கத் தோன்றுகிற ஊருக்கு, அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. (பெற்ற தாய் ரீயூனியன் தீவைச் சேர்ந்தவர் என்பது பின்னாளில் தெரிய வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்காக நம் மக்களைக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுபோன தீவுகளில் அதுவும் ஒன்று. அந்தப் பெண்ணின் வழியில் யார் யார் இருந்தார்கள் என்று உரிமை கொண்டாட நாங்கள் வரவில்லை. தீவின் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.)

1991 தொடக்கத்தில், 17 வயதில், ஐரோப்பியச் சாம்பியன். அதிலிருந்து 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை. பிரான்சின் தேசியச் சாம்பியன் பட்டம் 1989 முதல் 1997 வரை ஒன்பது முறை. 1992-இல் பிரான்சின் ஆல்பெர்வில் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் எல்லா நாட்டு வீரர்களின் சார்பாகவும் உறுதிமொழி வாசித்தவர் அவர்தான். அந்த ஒலிம்பிக்கில் காற்றில் நான்கு சுற்று சுற்றும் தாவலை முயன்றார். அப்போது அதைக் கனவு காணும் பெண்களே அரிது. சுழற்சி முழுமையாகவில்லை என்று கணக்கில் சேர்க்கவில்லை. ஜப்பானின் மிகி ஆண்டோ 2002-இல் ஒரு நான்கு சுற்றுத் தாவலில் வெற்றிகரமாக இறங்கும் வரை எந்தப் பெண்ணுக்கும் அது ஏற்கப்படவில்லை. பத்து ஆண்டு முன்னாலேயே ஒருத்தி கதவைத் தட்டியிருக்கிறாள். ஆல்பெர்வில்லில் கிடைத்தது 5-ஆம் இடம். பயிற்சி நேரத்தில் பல்டி அடித்ததற்கு எச்சரிக்கை வேறு.

அதன் பிறகு வந்த மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். 1993 உலகச் சாம்பியன்ஷிப்: உக்ரைனின் 15 வயது ஒக்சானா பையுல் தங்கம், பொனாலி வெள்ளி. 1994: ஜப்பானின் யுகா சாட்டோ தங்கம், பொனாலி வெள்ளி. 1995: சீனாவின் சென் லு தங்கம், பொனாலி வெள்ளி. இடையில் 1994 லில்லெஹாமர் ஒலிம்பிக், அங்கே 4-ஆம் இடம். தங்கம் வாங்கியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் இடம் மட்டும் ஒருவருக்கே ஒதுக்கி வைத்தது போல.

1994-இல் ஜப்பானின் சிபா நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்தான் உச்சம். சாட்டோவும் பொனாலியும் மொத்தக் கணக்கில் சமம். சமநிலையை உடைத்தபோது 9 நடுவர்களில் 5 பேர் சாட்டோ பக்கம், 4 பேர் பொனாலி பக்கம். ஒரே ஒரு ஆள் வித்தியாசம். பரிசு மேடையில் ஏற பொனாலி மறுத்துவிட்டார். மேடைக்குப் பக்கத்தில் தரையிலேயே நின்றார். கழுத்தில் போட்ட வெள்ளிப் பதக்கத்தைக் கழற்றிவிட்டார். அரங்கம் கூச்சலிட்டது. இருபது வயதுப் பெண் அழுதுகொண்டு நிற்கும் அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. திமிர் பிடித்தவள், தோல்வியைத் தாங்கத் தெரியாதவள் என்று எழுதினார்கள். இந்தச் சொற்கள் உங்களுக்குப் பழக்கமானவைதானே?

ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும். பொனாலியின் ஆட்டத்தில் குறையே இல்லை என்று நாங்கள் வாதாடவில்லை. பட்டையின் விளிம்பில் ஆழமாகச் சாய்ந்து சறுக்கும் அழகு அவரிடம் குறைவு, சில தாவல்களின் சுழற்சி குறைப்பட்டது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். சாட்டோவின் கால்வேலை அற்புதம் என்பதிலும் சந்தேகம் இல்லை. சிபாவில் அந்த ஐந்து பேரும் நிறம் பார்த்துத்தான் போட்டார்கள் என்று எவராலும் நிரூபிக்க முடியாது. பொனாலியே பல பேட்டிகளில் இதை நிதானமாகத்தான் பேசியிருக்கிறார். நிரூபிக்க முடியாமல் இருப்பதுதான் இரண்டாவது மதிப்பெண்ணின் வசதி. எண்ணக்கூடிய இடத்தில் அநியாயம் நடந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். எண்ண முடியாத இடத்தில் நடந்தால், உன் நளினம் போதவில்லை அம்மா என்பதோடு முடிந்துவிடும்.

அந்த நளினம் என்ற அளவுகோலை யார் செய்தது என்று கேட்க வேண்டும். ஸ்கேட்டிங்கில் அழகு என்பது பாலே நடனத்தின் வழியில் வந்தது. மெலிந்த வெள்ளை உடல், காற்றில் மிதக்கும் பாவனை, முயற்சியே தெரியாத புன்னகை. பொனாலியின் தோள்களிலும் தொடைகளிலும் உழைப்பு தெரிந்தது, பலம் தெரிந்தது. வர்ணனையாளர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது பலம், ஜிம்னாஸ்ட் என்ற சொற்களைத்தான் பிடித்துக்கொண்டார்கள். கேட்கப் பாராட்டு போல இருக்கும். நம் அம்மாக்களைப் பார்த்து நல்ல உழைப்பாளி என்று சொல்வார்களே, அந்த வகைப் பாராட்டு.

பொனாலிக்கு முன்னால் தளத்துக்குள்ளேயே விடப்படாதவர்கள் இருந்தார்கள். 1915-இல் பிறந்த மேபெல் ஃபேர்பேங்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை 1930-களில் நியூயார்க்கின் ஸ்கேட்டிங் தளத்தில் நுழைய விடாமல் திருப்பி அனுப்பினார்கள். போட்டிகளில் கலந்துகொள்ளவும் வழியில்லை. காட்சி நிகழ்ச்சிகளில் ஆடிப் பிழைத்தார், பிறகு பயிற்சியாளர் ஆனார். அவரிடம் பயின்ற அட்டாய் வில்சன் 1966-இல் அமெரிக்கத் தேசியப் போட்டியில் பட்டம் வென்ற முதல் கறுப்பின ஆட்டக்காரர். போட்டிக்குள்ளேயே விடாத அதே அமெரிக்க ஸ்கேட்டிங் உலகம் 1997-இல் ஃபேர்பேங்க்ஸைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தது, 82 வயதை நெருங்கும்போது. குளத்தில் இறங்க விடாதவர்கள் பிற்பாடு குளக்கரையில் சிலை வைப்பது போல.

1996-இல் பொனாலியின் குதிகால் நரம்பு அறுந்தது. தாவுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு அது பாதி மரணம். அதிலிருந்து எழுந்து வந்துதான் நகானோவில் நின்றார். பிறகு அமெரிக்கா போய்விட்டார், தொழில்முறைக் காட்சிகளில் பல ஆண்டுகள் ஆடினார், 2004-இல் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றார். அந்தக் காட்சிகளில் பல்டிக்குத் தடை இல்லை. கூட்டம் அதைப் பார்க்கத்தான் வந்தது.

அந்த நடுவர் மேசை என்ன ஆனது? 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில், ஜோடி ஆட்டத்தின் முடிவு பேரம் பேசி எழுதப்பட்டது என்று குட்டு உடைந்தது. பிரெஞ்சு நடுவர் மரி ரெய்ன் லெ கூனுக்கும் அப்போது பிரெஞ்சு ஸ்கேட்டிங் சம்மேளனத் தலைவராக இருந்தவருக்கும் மூன்று ஆண்டுத் தடை. அந்தத் தலைவர் யார் தெரியுமா? திதியே கையாகே. தீவுக் கதை சொன்ன அதே பயிற்சியாளர். அதன் பிறகுதான் 6-க்கு மதிப்பெண் போடும் பழைய முறையே கைவிடப்பட்டது. ஒவ்வொரு தாவலுக்கும் தனி மதிப்பு என்று 2004-இல் புதிய முறை வந்தது. கவனியுங்கள், ஒரு கறுப்பினப் பெண் மேடை ஏற மறுத்தபோது முறை மாறவில்லை. வெள்ளையின நாடுகள் இரண்டு தங்களுக்குள் சண்டை போட்டபோது மாறியது.

இனி நம் ஊருக்கு வருவோம். டிப்ளமோ முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் கம்பெனிகளில் இன்டர்வியூவுக்குப் போய்வரும் தம்பி தங்கைகள் திரும்பி வந்து சொல்வதைக் கேட்டிருக்கிறோம். எழுத்துத் தேர்வில் தேறிவிடுகிறார்கள். பிறகு ஒரு அறை, ஒரு மேசை, மூன்று பேர். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன செய்கிறார். பிறகு, கம்யூனிகேஷன் போதாது என்று ஒரு வரி. இதுதான் நம் இரண்டாவது மதிப்பெண். கல்லூரியில் இன்டர்னல் மார்க், வைவா, நேர்முகத் தேர்வு, பர்சனாலிட்டி என்று இதற்குப் பல பெயர்கள். விண்ணப்பம் அனுப்பும் கட்டத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. ஒரே தகுதி, வேறு வேறு சாதிப் பெயர் என்று விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வை சுக்தேவ் தோரட்டும் பால் ஆட்டவெல்லும் 2007-இல் வெளியிட்டார்கள். தலித் பெயர்களுக்குக் குறைவாகவே அழைப்பு வந்தது. மேசைக்கு முன்னால் போய் உட்காரக்கூட விடவில்லை.

இந்த மதிப்பெண்ணோடு நாம் நீதிமன்றத்தில் மோதிய வரலாறும் உண்டு. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் முன்பு நேர்முகத் தேர்வுக்கு மட்டும் 75 மதிப்பெண். 1970-இல் பெரியகருப்பன் என்ற மாணவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தலைப்பு தலைப்பாகத் தனித்தனியே போட வேண்டியதைத் தேர்வுக் குழுவினர் மொத்தமாகப் போட்டிருந்தது அங்கே அம்பலமானது. 1980 நவம்பரில் அஜய் ஹாசியா வழக்கு. ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50. இரண்டு மூன்று நிமிடப் பேச்சுக்கு 50 மதிப்பெண். கேட்ட கேள்விகள் பெற்றோர் யார், வீடு எங்கே என்பதுதான் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது நீதிமன்றம். 15 சதவீதம் என்பது பெரிய வெற்றி இல்லை என்பது எங்கள் கருத்து. ஒரு மதிப்பெண்ணில் இடம் போகிற நாட்டில் 15 போதும், ஒருவரைத் தூக்கிவிடவும் தள்ளிவிடவும். ஆனாலும் அந்த மாணவர்கள் இன்னும் நன்றாகப் படிக்கிறோம் என்று வீட்டுக்குப் போகவில்லை. மதிப்பெண் போடும் விதியைக் கூண்டில் ஏற்றினார்கள்.

எண்ணக்கூடிய இடத்தில் நாம் ஏறிவிடுகிறோம் என்பதற்கு நம் வரலாற்றில் பழைய சாட்சி பல்வங்கர் பாலு. சமார் சாதியில் பிறந்தவர், பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதானத்தைப் பராமரித்தவர். 1911-இல் இங்கிலாந்து சென்ற அகில இந்திய கிரிக்கெட் அணிக்காக நூறுக்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்தார். விக்கெட்டை எண்ணலாம், மறைக்க முடியாது. ஆனால் அணித் தலைவர் பதவி எண்ணிக் கொடுப்பது அல்ல, அது மேசையில் கொடுப்பது. பாலுவுக்கு அது கடைசி வரை வரவில்லை. தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, இவருக்கு வெளியே தனிக் குவளை. தம்பிகள் 1920-இல் எதிர்ப்புத் தெரிவித்து அணியிலிருந்து விலகினார்கள். 1923-இல் தம்பி விட்டல் இந்துக்கள் அணிக்குத் தலைவரானார். பந்து நன்றாகச் சுழன்றதால் மட்டும் கிடைத்ததா அந்தப் பதவி? விலகி நின்றதாலும் கிடைத்தது.

அப்படியானால் இரண்டாவது மதிப்பெண்ணே இல்லாத விளையாட்டுக்குப் போய்விடலாமே என்று ஒரு தங்கை எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் கேட்டாள். ஓட்டப் பந்தயம். அங்கே நடுவர் கடிகாரம்தான், கடிகாரத்துக்குச் சாதி தெரியாது. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது.

சாந்தி சௌந்தரராஜன். 1981-இல் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் வேலை செய்த தலித் பெற்றோருக்குப் பிறந்தவர். ஐந்து பிள்ளைகள். ஓடச் சொல்லிக் கொடுத்தது தாத்தா. 2005-இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பர் 9, தோகா ஆசிய விளையாட்டு. அதே 800 மீட்டர். கடைசி நேரத்தில் கசகஸ்தானின் விக்டோரியா யாலோவ்ட்சேவாவை மயிரிழையில் முந்தி வெள்ளி. நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. எந்த நடுவரின் ரசனையும் அதில் இல்லை. பத்து நாள்கூட அந்தப் பதக்கம் நிலைக்கவில்லை. பாலினச் சோதனையில் தேறவில்லை என்று செய்தி வந்தது. சோதனை எதற்கு என்று தன் மொழியில் விளக்கிச் சொல்ல அங்கே ஆள் இல்லை, ஊர் திரும்பிய பிறகு செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தேன் என்று சாந்தி பிற்பாடு சொன்னார். ஒரு பெண்ணின் உடலைப் பற்றி அவளுக்கே சொல்லாததை நாட்டுக்குச் சொன்னார்கள்.

இங்கேதான் பொனாலியின் கதை திரும்ப வருகிறது. எல்லாப் பெண்களுக்கும் கட்டாயப் பாலினச் சோதனை என்ற பழைய முறையைத் தடகளச் சம்மேளனம் 1990-களின் தொடக்கத்திலேயே கைவிட்டது, ஒலிம்பிக் குழு 1999-இல் கைவிட்டது. பிறகு மிச்சம் இருந்தது, சந்தேகம் வந்தால் சோதிக்கலாம் என்ற முறை. சந்தேகம் எப்படி வரும்? பார்த்தால் வரும். தசையைப் பார்த்து, மார்பைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு. பெண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு படம் மனதில் இருப்பவருக்கு, சூளையில் கல் சுமந்த வீட்டுப் பெண்ணைப் பார்த்தால் வரும். ஸ்கேட்டிங்கில் இரண்டாவது மதிப்பெண்ணை வெளிப்படையாக அட்டையில் எழுதிக் காட்டினார்கள். ஓட்டத்தில் அதை எங்கும் எழுதவில்லை. கடிகாரம் ஓடி முடித்த பிறகு, கதவுக்குப் பின்னால் போட்டார்கள். (2025-இல் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவில் எல்லோருக்கும் மரபணுச் சோதனை என்று கொண்டுவந்திருக்கிறது. அது தனிக் கதை, தனியாக எழுத வேண்டியது.)

அன்றைய முதல்வர் கருணாநிதி, சாந்திக்கு அறிவித்த 15 லட்சம் ரூபாயைப் பதக்கம் பறிக்கப்பட்ட பிறகும் கொடுத்தார். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சாந்தி அந்தப் பணத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். தற்காலிகப் பயிற்சியாளர் வேலையில் வந்த சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. 2012-இல் ஆசிய வெள்ளி வென்றவர் தினக்கூலிக்குச் செங்கல் சூளையில் நிற்கும் படம் செய்தித்தாள்களில் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பலருக்கு அவர் பெயரே நினைவுக்கு வந்தது. பிறகு முறைப்படி பயிற்சியாளர் படிப்பு, தேசியத் தாழ்த்தப்பட்டோர் ஆணையத்தில் முறையீடு, இன்னும் பல வருடம் அலைச்சல், கடைசியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தர வேலை.

சாந்திக்கு நடந்ததே 2014-இல் ஒடிசாவின் தூத்தி சந்துக்கும் நடந்தது. நெசவாளர் வீட்டுப் பெண். நம் பக்கத்துப் பெண் என்றே சொல்லலாம். காமன்வெல்த் போட்டிக்குப் போக இருந்த அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கினார்கள். ஆனால் இந்த முறை அவரோடு ஆய்வாளர்கள் நின்றார்கள், வழக்கறிஞர்கள் நின்றார்கள், அரசின் விளையாட்டு ஆணையமும் நின்றது. சாந்திக்கு நேர்ந்ததைப் பார்த்துப் பாடம் படித்தவர்கள் அதில் இருந்தார்கள். என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தூத்தி கெஞ்சவில்லை. உன் விதிக்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். சுவிட்சர்லாந்தில் உள்ள சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2015 ஜூலையில், போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று சொல்லி அந்த விதியையே நிறுத்தி வைத்தது. தூத்தி 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓடினார்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எங்களுக்குச் சொன்னது ஒன்றுதான். அவனைவிட ரெண்டு மடங்கு உழைக்கணும், அப்பத்தான் சமமா நிக்க விடுவான். அன்பில் சொன்னது, அனுபவத்தில் சொன்னது. பொனாலி இரண்டு மடங்கு என்ன, நான்கு சுற்றே சுற்றிப் பார்த்துவிட்டார். சாந்தி கடிகாரத்தையே சாட்சிக்கு வைத்துக்கொண்டு ஓடினார். அதனால்தான் இந்த அறிவுரையை அடுத்த தலைமுறைக்கு அப்படியே கைமாற்ற எங்களுக்கு மனம் வரவில்லை. உழையுங்கள், அதை வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார். கூடவே மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மதிப்பெண் எந்தெந்தத் தலைப்பில் என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். இன்டர்னல் மார்க் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம் என்பது அரசுக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்கு இன்னும் தெரியாது. அடுத்த மாதக் கூட்டத்தில் மனு எழுதப் பழகப் போகிறோம்.

பல்டிக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2024 ஜனவரியில் பிரான்சின் ஆதாம் சியாவ் ஹிம் ஃபா, மொரிஷியஸிலிருந்து குடியேறிய சீன வம்சாவளிப் பெற்றோரின் மகன், ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் மதிப்பெண் வெட்டுவார்கள் என்று தெரிந்தே பல்டி அடித்தார். அடித்தும் தங்கம் வென்றார். அந்த ஆண்டு ஜூனில் சர்வதேசச் சம்மேளனம் கூடி, 2024-25 பருவத்திலிருந்து பல்டிக்குத் தடை இல்லை என்று தீர்மானித்தது. பார்க்கப் பிரமாதமாக இருக்கிறதாம், தடை செய்வதில் இனி அர்த்தம் இல்லையாம்.

நகானோ முடிவுப் பட்டியலில் பொனாலி இன்னும் 10-ஆம் இடத்தில்தான் இருக்கிறார். தோகா 800 மீட்டர் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு நேராக யாலோவ்ட்சேவாவின் பெயர். 2 நிமிடம் 3.16 விநாடி என்ற நேரம் அதில் இல்லை.